ஒரு கட்டுரையில் 11 'திடீரென'

கேள்வி இதுதான். இலங்கையின் வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கம் உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி தன் ஊரைப் பற்றி நான்கு பக்கத்தில் கட்டுரை எழுதியிருக்கிறார். ரீச்சர் சிவப்புப் பேனையால் 11 இடங்களில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். பதினொன்றும் ஒரே சொல்: 'திடீரென'. "சடுதியாக, சட்டென்று, மளமளவென்று, கிடுகிடுவென்று, அவசர அவசரமாக என்று மாற்றி மாற்றிப் போட்டால் சரியாகிவிடுமா? எல்லாம் ஒரே கருத்துத்தானே?" என்று கேட்டிருந்தார். கட்டுரையையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் அதிலிருந்து சில வசனங்களை இங்கே எடுக்கிறேன்.

தங்கச்சி, மாற்றி மாற்றிப் போட்டால் சரியாகாது. இப்போதாவது ஒரே பிழை 11 தடவை இருக்கிறது. மாற்றினால் 11 வேறு வேறு பிழையாகும். மாங்குளத்தில் 30 வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவன் நான். கொப்பி திருத்தும்போது அதிகம் வட்டம் போட்ட சொற்களில் இதுவும் ஒன்று. ஆனால் வட்டம் போட்டுவிட்டு ஏன் என்று சொல்லாமல் விட்ட நாட்களும் நிறைய. அந்தக் கடனையும் சேர்த்து இப்போது கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் 'திடீரென' என்ற சொல்லையே எடுப்போம். இது வேகத்தைச் சொல்லும் சொல் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. "மாமா திடீரென வந்தார்" என்கிறோம். மாமா வவுனியாவிலிருந்து சைக்கிளை உழக்கி உழக்கி, வழியில் இரண்டு இடத்தில் தேத்தண்ணி குடித்து, அரை நாள் எடுத்து வந்திருக்கலாம். அவர் வந்த வேகத்துக்கும் 'திடீர்' என்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வீட்டிலிருந்த நாங்கள் அவரை எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் நாட்டில் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' என்று ஒரு பதவி இருக்கிறது. அவர் விசாரிப்பது வேகமாக நடந்த சாவை அல்ல. ஒருவரும் எதிர்பாராமல், காரணம் தெரியாமல் நடந்த சாவை. ஆக, 'திடீரென' நடந்த விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவரைப் பற்றிச் சொல்கிறது. அவருக்கு முன்கூட்டித் தெரியாது என்று மட்டும் சொல்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் 11 வட்டத்தில் பாதிக்கு மேல் தானாகவே விழுந்துவிடும். "மாரி காலத்தில் திடீரென மழை பெய்யும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் மாரியில் மழை பெய்வதை எதிர்பார்க்காதவர் யார்? ஐப்பசி பிறந்தாலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர். அங்கே உங்களுக்குத் தேவை எதிர்பாராமை அல்ல, மழையின் பாங்கு. 'சோவென்று' பெய்ததா, 'சடசடவென்று' தகரத்தில் விழுந்ததா என்பதுதான் வாசிக்கிறவருக்கு வேண்டும்.

அடுத்தது சட்டென்று, டக்கென்று, பட்டென்று, சடாரென்று போன்ற சொற்கள். இவைதான் உண்மையில் நேரத்தைச் சொல்கிறவை. ஒரு கணம், ஒரு அசைவு, முடிந்தது. "சட்டென்று திரும்பினாள்." "விளக்கு டக்கென்று நின்றது." எதிர்பார்த்திருந்தாலும் இவை பொருந்தும். பொங்கல் பானையைச் சுற்றி நின்று எல்லோரும் பால் பொங்குவதற்காகவே காத்திருக்கிறோம், ஒருவருக்கும் அது திடீர் அல்ல. ஆனாலும் பொங்குகிற அந்த நேரம் பால் சட்டென்றுதான் மேலே வரும்.

இந்த இடத்தில்தான் தமிழின் ஒரு நுட்பம் இருக்கிறது. எனக்கு இது எப்படி விளங்கியது என்று சொல்கிறேன். பள்ளிக்கூட வளவில் ஒரு பெரிய பாலை மரம் நின்றது. அதன் கீழ்க் கொப்பு ஒன்று பல வருடமாக உள்ளே உக்கிப்போயிருந்தது. ஒரு நாள் இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்விட்டார்கள். நான் மட்டும் வெளியே, கையில் வெண்கட்டிப் பெட்டியோடு. மேலே மளுக்கென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. இரண்டு மூச்சு விட்டிருப்பேன். பிறகு மளமளவென்று தொடங்கியது. கொப்பு அடிமரத்தோடு ஒட்டியிருந்த இடத்தில் மரநார் ஒவ்வொன்றாக விட்டு, வெள்ளையாகப் பிளந்து, கொப்பு மெல்லத் தலை சாய்ந்து, சாயச் சாய வேகம் கூடி வந்தது. கடைசியில் தடாலென்று நிலத்தில். புழுதி அடங்கச் சில நிமிடம் எடுத்தது.

அன்று வகுப்புக்குப் போய் அந்த மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதினேன். மளுக்கென்று, மளமளவென்று, தடாலென்று. ஒரே கொப்பு, ஒரே விழுகை. ஆனால் இந்த மூன்றையும் இடம் மாற்றிப் போட முடியாது. மளுக் என்பது ஒரு முறிவு. மளமள என்பது முறிவுகளின் வரிசை. தடால் என்பது முடிவு.

அதாவது ஒற்றையாக வரும் ஒலிக்குறிப்பு ஒரு கணத்தைக் காட்டும். இரட்டித்து வந்தால் அது ஒரு தொடரைக் காட்டும், சின்னச் சின்னத் துண்டுகள் விடாமல் அடுத்தடுத்து வருவதை. கதவைப் பட்டென்று சாத்தினான், கதவைப் படபடவென்று தட்டினான். பாம்பு சரக்கென்று சருகுக்குள் புகுந்தது, சரசரவென்று ஊர்ந்து போனது. சிரிப்பு குபீரென்று வந்தது, தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. நீங்களே இன்னும் பத்துச் சோடி சொல்லிப் பாருங்கள், விலகாமல் வரும். விதிவிலக்கும் உண்டு. 'திடுதிப்பென்று' கேட்க இரட்டைபோல இருக்கும், ஆனால் அது ஒரே நிகழ்வுதான்.

"இரட்டைக்கிளவி இரட்டின் பிரிந்து இசையா" என்று தொல்காப்பியம் சொல்வதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருப்பீர்கள். 'மளமள'வைப் பிரித்து 'மள' என்று தனியே சொன்னால் பொருளில்லை என்று அதற்கு விளக்கம் எழுதுவோம். சரிதான். ஆனால் அந்த இரட்டிப்புக்குள் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஆகவே "பட்டம் மளமளவென்று அறுந்தது" என்று எழுதினால் காது சுளிக்கிறது. நூல் அறுவது ஒரு கணம். "வீடு சட்டென்று கட்டி முடிந்தது" என்றாலும் அதே சுளிப்பு. வீடு கல் கல்லாகத்தான் எழும். அதற்கு மளமளவென்று.

எழுத்திலக்கணம் பற்றி ஒரு சின்ன விஷயத்தையும் இதோடு முடித்துவிடுகிறேன். 'என' என்றும் 'ஆக' என்றும் முடிந்தால் பின்னே வல்லினம் மிகும்: திடீரெனக் கூடியது, மளமளவெனச் சரிந்தது, சடுதியாகக் குறைந்தது. 'என்று' வந்தால் மிகாது: திடீரென்று கூடியது. உங்கள் கட்டுரையில் நான்கு இடத்தில் இது பிழைத்திருக்கிறது. பேச்சில் நாங்கள் 'திடீரெண்டு', 'மளமளவெண்டு' என்போம். உரையாடலுக்குள் அப்படியே எழுதுங்கள், அழகாக இருக்கும்.

இனி ஏற்றமும் இறக்கமும். உங்கள் மூன்றாம் பக்கம் முழுக்க 2022 பொருளாதார நெருக்கடி. "பெற்றோல் விலை திடீரென ஏறியது" என்று தொடங்குகிறது. ரீச்சர் வட்டம் போட்ட பிறகு நீங்கள் பக்கத்தில் பென்சிலால் 'படிப்படியாக?' என்று எழுதி வைத்திருப்பது தெரிகிறது. நல்ல யோசனைதான், காரணம் விலை உண்மையிலேயே படி படியாகத்தான் ஏறியது. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 2021 டிசம்பர் கடைசியில் 177 ரூபா. 2022 மார்ச்சில் 254. ஏப்ரலில் 338. மே மாதம் 420. ஜூன் கடைசியில் 470. எண்ணிப் பார்த்தால் நான்கு படி.

ஆனால் 'படிப்படியாக' என்ற சொல்லுக்கு ஒரு சாந்தம் உண்டு. நோயாளி படிப்படியாகத் தேறினார், பிள்ளை படிப்படியாக முன்னேறியது என்போம். ஏறுகிறவர் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கலாம் என்ற தொனி அதற்குள் இருக்கிறது. அந்த வருடம் எங்களுக்கு மூச்சு வாங்க எங்கே நேரம் கிடைத்தது? உழவு இயந்திரத்துக்கு டீசல் வேண்டி, கான்களை வரிசையில் வைத்துவிட்டு இரவு அதன் பக்கத்திலேயே படுத்தவர்களுக்கு அது படிப்படி அல்ல. அங்கே பொருத்தமான சொல் 'அடுத்தடுத்து'. "ஆறு மாதத்துக்குள் விலை அடுத்தடுத்து ஏறி, 177 ரூபாவிலிருந்து 470க்குப் போனது." படி இருந்ததையும் சொல்கிறது, ஆறுதல் இருக்கவில்லை என்பதையும் சொல்கிறது.

'கிடுகிடுவென்று' போடலாமா? போடலாம். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கிடுகிடுவென்று நடுங்குகிறோம். எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற ஆழத்தைக் கிடுகிடு பள்ளம் என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் பயம் இருக்கிறது. ஆகவே விலை, காய்ச்சல், ஆற்று வெள்ளம், கடன் இவை கிடுகிடுவென்று ஏறும். "அக்காவின் புள்ளிகள் கிடுகிடுவென உயர்ந்தன" என்று நீங்கள் மாற்றி வைத்திருப்பது என் காதில் ஒட்டவில்லை. அக்கா நல்லாகப் படித்ததற்கு யார் நடுங்கினார்கள்? அங்கே மளமளவென்று போதும். பத்திரிகைகள் நல்லது கெட்டது இரண்டுக்கும் கிடுகிடுவைப் போடுகின்றன, தெரியும். அதற்காக நாங்களும் போடத் தேவையில்லை.

அப்புறம் 'செங்குத்தாக'. "ரூபாவின் பெறுமதி செங்குத்தாக வீழ்ந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஆங்கிலச் செய்தியை வைத்து மொழிபெயர்த்தவர்கள் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்கிறேன். அவர்களுடைய மொழியில் மலைமுகட்டிலிருந்து விழுவதைப்போல என்ற பொருளில் 'பிரிசிப்பிடஸ்லி' என்று ஒரு வினையடை உண்டு. அதற்கு அகராதியைப் பார்த்துச் 'செங்குத்தாக' என்று போட்டுவிடுகிறார்கள். தமிழில் செங்குத்து என்பது நிற்கிற நிலை, விழுகிற அசைவு அல்ல. சுவர் செங்குத்தாக நிற்கும், ஏணிப்படி செங்குத்தாக இருக்கும். வன்னி தட்டை நிலம். செங்குத்தை நாங்கள் பார்ப்பது கிணற்றுக்குள்தான், அந்தச் சுவர் எங்கேயும் விழுவதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரைத் தேடிப் போனால் 'தலை முன்னே போக' என்ற பொருள் கிடைக்கிறது. அதற்குத் தமிழில் அச்சொட்டாக ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: தலைகுப்புற. "ரூபா தலைகுப்புற விழுந்தது." வாசிக்கிறவரின் வயிற்றில் ஒரு பிடி பிடிக்கும்.

'சடுதியாக' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது எங்கள் பக்கத்துச் சொல் என்றே சொல்லலாம். தமிழ்நாட்டு நண்பர்களிடம் பேசும்போது அவர்கள் இதைக் கொஞ்சம் பழைய சொல்லாகக் கேட்கிறார்கள். எங்களுக்கு இது வானொலிச் செய்தியிலும், காலநிலை அறிவித்தலிலும், பாடப்புத்தகத்திலும் சாதாரணமாக வருகிற சொல். ஆனால் ஒருவரும் வீட்டுக்குள் "சடுதியாக வா" என்று கூப்பிட மாட்டார்கள், "கெதியா வா" என்பார்கள். சடுதி என்பது அளந்து பார்த்தவரின் சொல். இரண்டு அளவு, அவற்றுக்கிடையில் கொஞ்ச நேரம், பெரிய வித்தியாசம். ஆகவே பக்கத்தில் ஓர் எண்ணோ ஒரு காலமோ இருந்தால்தான் அது காலூன்றி நிற்கும். "வெப்பநிலை சடுதியாகக் குறைந்தது" என்று மட்டும் எழுதினால் அறிக்கை வாசிப்பதுபோல இருக்கும். எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எத்தனை மணித்தியாலத்தில் என்று சேர்த்தால் அந்தச் சொல்லுக்கு வேலை வந்துவிடும்.

அளவு என்றவுடன் ஒரு பெரிய பொறியையும் காட்டிவிடுகிறேன். உங்கள் கட்டுரையில் "2023இல் பொருட்களின் விலை திடீரெனக் குறைந்தது" என்று இருக்கிறது. இது மொழிப் பிழை மட்டுமல்ல, தகவலும் பிழை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். பணவீக்கம் சடுதியாகக் குறைந்தது என்று எழுதினால் முழு உண்மை. ஆனால் பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறுகிற வேகம். வேகம் 69.8இலிருந்து 1.3 ஆனது என்றால் விலை முந்திய வருடத்தைவிட இன்னும் கொஞ்சம் மேலேதான் இருந்தது என்று அர்த்தம். ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அம்மாவிடம் கேளுங்கள், 2021இல் ஒரு கிலோ பருப்பு வாங்கிய காசுக்கு 2023இல் எவ்வளவு கிடைத்தது என்று. வினையடையை எந்தச் சொல்லோடு கட்டுகிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது. சடுதியாகக் குறைந்தது எது, விலையா, வேகமா? அதைத் தீர்மானிக்காமல் வினையடையில் கை வைக்கக்கூடாது.

இப்போது வெள்ளம். இதுதான் எனக்கு முக்கியம். "2018இல் திடீரென வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அழித்தது" என்று ஒரே வசனத்தில் முடித்திருக்கிறீர்கள்.

2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கொட்டிய மழையை எங்கள் ஆட்கள் மறக்க மாட்டார்கள். கனகராயன் ஆறு நிறைந்து வந்து விழுவது இரணைமடுவில். வடக்கிலேயே பெரிய குளம். மேலதிகத் தண்ணீரை வெளியே விடும் அதன் வான் கதவுகள் திறக்கப்பட்டன, கீழே ஊர்களுக்குள் வெள்ளம் போனது. என் உறவுக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி அந்தப் பக்கம் பள்ளக் காணியில் இருந்தாள். அவள் சொன்னது: "நித்திரையில கையைக் கீழ விட்டன் மாமா, தண்ணிக்குள்ள போச்சுது." அவளுக்கு அது திடீரென வந்த வெள்ளம். அந்தச் சொல்லை அவளிடமிருந்து ஒருவரும் பறிக்க முடியாது.

அதே ஒழுங்கையில் நாலு வளவு தள்ளி ஒரு கிழவனார். வயல் மனிதர். மாரி இரவில் அவருக்கு நித்திரை வராது. அவர் சொன்னது வேறு கதை: "பொழுதுபட முன்னமே வாய்க்கால் முட்டிட்டுது, தம்பி. சாமத்தில வேலியடி. பிறகு கிணத்துக்கட்டு. நான் ரோச்சை அடிச்சு அடிச்சுப் பாத்துக்கொண்டிருந்தனான்." அவர் பார்த்த வெள்ளம் திடீரென வரவில்லை. முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு மளமளவென்று வந்தது.

ஒரே இரவு, ஒரே தண்ணீர், இரண்டு வினையடை. இரண்டும் உண்மை. ஆனால் நீங்கள் கட்டுரை எழுதுகிறவர், இரண்டு பேரையும் கேட்கக்கூடியவர். நீங்கள் வெறுமனே 'திடீரென' என்று எழுதினால் கிழவனாரின் இரவு முழுவதும் அழிந்துபோகிறது. தண்ணீர் ஏறிய அந்த மணித்தியாலங்கள் இல்லாமல் போகின்றன. அந்த மணித்தியாலங்களில் யார் யாரை எழுப்பினார்கள், எழுப்ப நேரம் இருந்ததா, மாட்டை அவிழ்த்துவிட முடிந்ததா என்ற கேள்விகளுக்கும் இடமில்லாமல் போகிறது. "திடீரென நடந்தது" என்றால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. இந்தச் சொல்லில் எனக்கு இருக்கிற பெரிய குறை அதுதான். முன்கதையைத் துடைத்துவிடும்.

உரம் பற்றிய வசனமும் அப்படித்தான். "2021இல் உரம் திடீரென இல்லாமல் போனது." உரம் தானாக இல்லாமல் போகுமா? இரசாயன உர இறக்குமதியை அந்த மே மாதம் அரசாங்கம் தடைசெய்தது, நவம்பரில் தடையை விலக்கியது. இடையில் காலபோக விதைப்பு, அதாவது மாரி நெல் விதைப்பு வந்தது. அடுத்து வந்த அறுவடை நாடெங்கும் விழுந்தது. செய்தவர் இருக்கிற இடத்தில் 'திடீரென' போட்டால் செய்தவர் மறைந்துவிடுவார். அங்கே தேவை பார்த்தவரின் சொல் அல்ல, செய்தவரின் சொல். அதாவது அவசரத்தைக் குறிக்கும் சொற்கள்.

அவசரம் என்பது மனம் உள்ளதற்குத்தான் வரும். விலை அவசரமாக ஏறாது, வெள்ளம் அவசரமாக வராது. மனிதர் அவசரப்படுவார். அதிலும் 'அவசரமாக' வேறு, 'அவசர அவசரமாக' வேறு. பாம்பு கடித்தவரை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்றால் அது வேண்டிய வேகம், அதில் குறை இல்லை. அவசர அவசரமாகத் தடை கொண்டுவந்தார்கள் என்றால் யோசிக்காமல் செய்தார்கள் என்று பொருள். ஒரு தடவை சொன்னால் தேவை, இரண்டு தடவை சொன்னால் தடுமாற்றம்.

எங்கள் பேச்சில் இந்த வித்தியாசம் இன்னும் துல்லியமாக இருக்கிறது. 'கெதியாக' என்பது நல்ல சொல்: "பிள்ளை கெதியாச் செய்து முடிச்சிட்டாள்" என்றால் பாராட்டு. 'அந்தரப்பட்டு' என்றால் பொறுமை இல்லாமல்: "அந்தரப்படாதை, ஆறுதலாச் செய்." 'பதகளித்து' என்றால் பயமும் கலந்துவிட்டது. 'விழுந்தடித்து' ஓடுவதில் உடம்பே தெரிகிறது, செருப்பு ஒன்று பின்னால் கிடக்கிறது. 'எடுத்தோம் கவிழ்த்தோம் என்று' செய்வது முடிவெடுக்கிறவர்களுக்கே உரியது. இவற்றையெல்லாம் கட்டுரைக்கு ஆகாத பேச்சுவழக்கு என்று ஒதுக்காதீர்கள். எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்தால் 'அந்தரப்பட்டு', 'பதகளித்து' இரண்டுமே கட்டுரைக்குள் தலைநிமிர்ந்து நிற்கும்.

வள்ளுவரிடமும் இந்த இரண்டு வகையும் தனித்தனியாக இருக்கின்றன. 487ஆவது குறள்: "பொள்ளென ஆங்கே புறம்வேரார் காலம்பார்த்து / உள்வேர்ப்பர் ஒள்ளி யவர்." பகைவர் தீங்கு செய்த அந்தக் கணத்திலேயே பொள்ளென்று கோபத்தை வெளியே காட்ட மாட்டார்கள் அறிவுள்ளவர்கள், காலம் பார்த்து உள்ளேயே வைத்திருப்பார்கள். இது கணத்தின் சொல், எங்கள் சட்டென்று போல. 1173ஆவது குறளில் காதலி தன் கண்களைப் பார்த்துச் சொல்கிறாள்: "கதுமெனத் தாநோக்கித் தாமே கலுழும் / இதுநகத் தக்க துடைத்து." அன்றைக்கு முந்திக்கொண்டு கதுமென அவனைப் பார்த்ததும் இந்தக் கண்கள்தான், இன்றைக்கு அழுவதும் இவைதான், சிரிப்பு வராதா என்கிறாள். கதுமென என்பதில் வேகம் மட்டும் இல்லை, பின்னால் வரப்போவதை யோசிக்காத ஆவலும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டு வாசித்துப் பாருங்கள். இரண்டு குறளும் மங்கிப்போகும்.

கடைசியாக உங்கள் முதல் பக்கம். இதைத் தொடத் தயக்கமாகத்தான் இருந்தது. "2009இல் எங்கள் குடும்பம் திடீரென இடம்பெயர்ந்தது" என்று தொடங்குகிறீர்கள்.

நீங்கள் அப்போது கைக்குழந்தை. அம்மா சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்து வலிகாம இடப்பெயர்வை எழுதுகிறவர்கள் 'இராவோடு இராவாக' என்று எழுதுவார்கள், அது பொருந்தும். லட்சக்கணக்கான சனம் ஒரே இரவில், மழையில், நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தது. ஆனால் கடைசிப் போரில், 2008 தொடங்கி 2009 மே வரை வன்னிக்குள் நடந்தது அப்படி ஒரு இரவு அல்ல. மன்னார்ப் பக்கமிருந்து வெளிக்கிட்டவர்கள் கிளிநொச்சி வந்தார்கள், பிறகு தருமபுரம், விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்பு, பிறகு கடற்கரை. ஒவ்வொரு இடத்திலும் பங்கர் வெட்டி, கொட்டில் போட்டு, இரண்டு சட்டி வைத்துச் சமைத்து, மீண்டும் கட்டி ஏற்றினார்கள். முதலில் உழவு இயந்திரத்தில், பிறகு சைக்கிளில், கடைசியில் கையில். அதைத் 'திடீரென' என்று சொன்னால் ஒரு வருடம் ஒரு நொடியாகிவிடுகிறது.

அம்மாவிடம் ஒன்றைக் கேளுங்கள், அவர் சொல்ல விரும்பினால் மட்டும்: எத்தனை இடம் மாறினீர்கள்? என்னிடம் ஒரு தாய் விரல் விட்டு எண்ணி 14 என்றார். உங்கள் அம்மா சொல்லும் எண் எதுவோ அதை எழுதுங்கள். "2008 முடியுமுன் வெளிக்கிட்ட எங்கள் குடும்பம் அடுத்தடுத்து இத்தனை இடம் மாறியது" என்று எண்ணோடு. அந்த வசனத்துக்கு வேறு வினையடையே தேவைப்படாது.

சரி, மொத்தக் கணக்குப் பார்ப்போம். 11இல் மழை, இரண்டு இடத்தில் விலை, அக்காவின் புள்ளிகள், வெள்ளம், உரம், இடப்பெயர்வு என்று நான் சொன்னவை போக, மூன்று இடத்தில் சொல்லை எடுத்துவிட்டாலே வசனம் நல்லாகிறது. "திடீரெனத் திடுக்கிட்டேன்" என்பதில் திடுக்கிடுதலே திடீர்தான். "யானை திடீரெனச் சடாரென்று வெளியே வந்தது" என்பதில் ஒன்று போதும். காட்டுப் பாதையில் யானையை ஒருவரும் எதிர்பார்க்காமல் இருப்பதில்லை, ஆகவே சடாரென்று இருக்கட்டும். பொழுதுபட்டதைப் பற்றிய வசனத்தில் வெறுமனே "பொழுதுபட்டது" போதும்.

மிச்சம் ஒன்று. இரண்டாம் பக்கத்தின் அடியில், மீள்குடியேறி வந்த நாளைப் பற்றி எழுதிய இடத்தில். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை, கிணற்றுக்குள் தகரமும் மண்ணும், வேலியில்லை, அயலில்லை. எல்லோரும் பேசாமல் நிற்கிறார்கள். பற்றைக்குள் அந்தப் பழைய மாமரம் மட்டும் பூத்து நிற்கிறது. "அம்மம்மா அதைப் பார்த்துவிட்டுத் திடீரெனச் சிரித்தா" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ரீச்சர் அதற்கும் வட்டம் போட்டிருக்கிறார். அதை மாற்ற வேண்டாம். அந்த நேரம் அவர் சிரிப்பார் என்று அங்கே நின்ற ஒருவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.